பனி தள்ளும் கைக்கு

ரொறன்ரோவில் பனி தள்ளும் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் கடையில் இருப்பதிலேயே தடித்த கிளவுஸைத்தான் முதலில் எடுப்பார்கள். "தடிப்பைப் பார்த்து வாங்காதையும் தம்பி" என்று ஒவ்வொரு கார்த்திகையிலும் சொல்லுகிறேன். தை பிறந்ததும் அவர்களே விரல் விறைத்து, வண்டிக்குள் ஹீட்டருக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு இருப்பார்கள்.

கையைக் கெடுப்பது ஈரம். கழித்தல் 15 பாகையில் விழுகிற பனி காய்ந்த பொடி, தட்டினால் உதிர்ந்துவிடும். பூச்சியத்தை ஒட்டி விழுகிற ஈரப்பனிக்குத்தான் நான் பயப்படுவேன். அதைவிடப் பொல்லாதது உப்பு. உப்புக் கரைந்த தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே போயும் உறையாது. அது கிளவுஸுக்குள் இறங்கினால் பனிக்கட்டியை விடக் குளிர்ந்த தண்ணீரில் விரலைத் தோய்த்து வைத்த கதைதான். அதனால் உப்புப் போடும்போது தோல் கிளவுஸைக் கழற்றிவிட்டு, உள்ளே துணி வைத்த ரப்பர் கிளவுஸுக்கு மாறிவிடுவேன். உப்பு தோலையும் தின்னும். பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட சில மலிவுச் சாமான் கடுங்குளிரில் விறைத்துவிடும். விரலை மடக்கவே பாதிப் பலம் போகும்.

எனக்கு வேலை பழக்கியவர் ஒரு போர்த்துக்கேயப் பெரியவர். கடையில் அவர் விலையைப் பார்த்து நான் கண்டதில்லை. கிளவுஸைப் போட்டுக் கையை இறுக்கிப் பொத்துவார். விரல் நுனி தோலில் முட்டினால் திருப்பி வைத்துவிடுவார். சூட்டைப் பிடித்து வைப்பது உள்ளே நிற்கிற காற்று. இறுக்கமான கிளவுஸில் காற்றுக்கும் இடமில்லை, இரத்தமும் ஓடாது. பிறகு அதே கையால் மேசையில் கிடக்கும் திறப்பை எடுத்துப் பார்ப்பார். எடுக்க முடியாத கிளவுஸை வேலையில் பத்துத் தரம் கழற்ற வேண்டி வரும், கழற்றும் ஒவ்வொரு தரமும் சூடு போகும். கடைசியாக, கொஞ்சம் ஈரமான விரலை உள்ளே விட்டு வெடுக்கென்று இழுப்பார். உள்துணி விரலோடு வெளியே வந்தால் அது உதவாது. வியர்த்த கையைத் திரும்ப அதற்குள் விட ஒருவராலும் முடியாது.

அவர் கடைசிவரை போட்டது மான்தோல் மிட்டன். உள்ளே கழற்றக்கூடிய கம்பளி உறை. நாலு விரலும் ஒன்றாகக் கிடப்பதால் ஒன்றையொன்று சூடாக்கும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும், பருத்தி தராது. நான் மிசின் ஓட்ட மான்தோலும் சவள் பிடிக்கப் பன்றித்தோலும் வைத்திருக்கிறேன். மான்தோல் நனைந்து காய்ந்தாலும் மெதுமை போகாது, ஆனால் சவள் பிடியில் சீக்கிரம் தேய்ந்துவிடும். பன்றித்தோல் ஈரத்தையும் உரசலையும் தாங்கும். மயிர்த்துளைகள் மூன்று மூன்றாக இருப்பதை வைத்து அதை அடையாளம் பிடிக்கலாம். மாட்டுத்தோலின் உள்படையை உரித்துச் செய்த சொரசொரத்த கிளவுஸ் மலிவுதான். நனைந்து காய்ந்தபின் கை போகாது.

தோல் கிழிவதற்கு முன் நூல் அறும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இரட்டைத் தோல் வைத்துத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். சவள் பிடி தேய்க்கிற இடம் அது. ஐரோப்பிய முத்திரையில் பனிப்பூ அடையாளமும் மூன்று இலக்கமும் இருந்தால் முதல் இரண்டு குளிருக்கு, 0 முதல் 4 வரை. மூன்றாவது தண்ணீருக்கு, அது 1 ஆக இருக்கட்டும்.

புதுக் கிளவுஸை அப்படியே வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள். லேசாகச் சூடுகாட்டித் தேன்மெழுகைத் தேய்த்து, ஊற விட்டு, தையலில் மட்டும் இன்னொரு தரம் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் மெழுகு மேலே திட்டாக நிற்கும், உள்ளே இறங்காது. காயவைப்பதற்கும் அதே பொறுமை வேண்டும். எங்களோடு வேலை செய்த ஒரு பொடியன் நனைந்த மான்தோலை இரவு ஹீட்டர் மேலே வைத்துவிட்டுப் படுத்துவிட்டான். காலையில் அது அவனுடைய மகளுக்குத்தான் அளவாக இருந்தது. உள்ளுறையை உருவி, இரண்டையும் தனித்தனியே வீட்டுச் சூட்டில் தொங்கவிட்டால் போதும். விடியுமுன் காயாது என்பதால்தான் இரண்டு சோடி வேண்டும்.

பெற்றோல் ஊற்றும்போது மெல்லிய நைட்ரைல் கிளவுஸ் போடுங்கள். கையில் சிந்தினால் அது ஆவியாகிற வேகத்தில் தோலின் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். ஸ்னோ புளோவரின் வாய் அடைத்தால் எந்தக் கிளவுஸையும் நம்பி உள்ளே கையை விட வேண்டாம், மிசின் நின்றிருந்தாலும் தடியால்தான் குத்த வேண்டும்.

உள்ளுறை தோலுக்கு முன் தேய்ந்துபோகும். நான் அதை மாசி முடிவில் வாங்குவேன், குளிர்காலச் சாமானைக் கடைகள் விலை குறைத்துப் போடுகிற நேரம். பெரிய அளவுதான் அதற்குள் முடிந்துவிடும். அகலக் கைக்காரர் மார்கழியிலேயே வாங்கிவிடுங்கள்.