உயரக்கோலும் பிள்ளையின் சொல்லும்

சற்றே நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் படிக்கலாம்.

பாணேரில் எங்கள் ஆய்வுத் தோழர்கள் நடுவே சில வாரங்களாக ஒரு விவாதம் ஓய்ந்தபாடில்லை. இங்கிருந்து மும்பை விரைவுச் சாலைவழியே சென்றால் கோப்போலிக்கு அருகே இமேஜிகா பூங்கா இருக்கிறது. 2013இல் திறக்கப்பட்ட அப்பூங்காவுக்கு ஆண்டுக்கு இருமுறையேனும் போய்வரும் ரோலர் கோஸ்டர் பித்தர்கள் எங்களுள் சிலர் உண்டு. அங்குள்ள நைட்ரோவைப் பற்றி அவர்கள் பேசும்போது கேட்டுக்கொண்டே இருக்கலாம். காலுக்குக் கீழே தளமில்லாத இருக்கை, ஐந்து தலைகீழ்த் திருப்பங்கள், அவற்றை வடிவமைத்த சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் வரலாறு என எதையும் விடமாட்டார்கள். இப்போது அவர்களுள் சிலருக்குப் பிள்ளைகள் வளர்ந்து நான்கு, ஐந்து, ஆறு வயதாகிவிட்டன. விவாதம் அங்கேதான் தொடங்கியது.

ஒரு தரப்பு சொல்வது: சிறுவருக்கு ஏற்றதாக்குகிறோம் என்று மழுக்கிவிட்டால் அப்புறம் அது ரைடே அன்று, அச்சம்தான் அதன் சாரம். மறு தரப்பு சொல்வது: குடும்பத்துக்கென்று ஒரு பூங்காவைக் கட்டிவிட்டுப் பிள்ளைகளை வேலிக்கு வெளியே நிறுத்துவது வடிவமைப்பின் தோல்வி. இரு தரப்பும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றே: ரைடின் வாயிலில் நட்டிருக்கும் உயரக்கோல். அதற்கு மேலே தலை தட்டினால் போகலாம், தட்டாவிட்டால் கூடாது. இதில் பேச என்ன இருக்கிறது என்று இருவருமே கேட்கிறார்கள்.

எனக்குப் பேச இருக்கிறது. குழந்தைகளின் வளர்ச்சியை ஆய்வு செய்பவன் என்ற முறையில், பிள்ளைகளின் உயரத்தை அளப்பதே சில ஆண்டுகளாக என் அன்றாட வேலை. குதிகால், பிட்டம், தோள்பட்டை, பின்தலை நான்கும் பலகையைத் தொட வேண்டும். பார்வை நேராக இருக்க வேண்டும். ஒருமுறை அளந்ததை மறுபடியும் அளக்க வேண்டும். இவ்வளவு செய்தும் காலையில் அளந்த பிள்ளையை மாலையில் அளந்தால் ஒரு செ.மீ. அளவுக்குக் குறைந்திருக்கக்கூடும். நாள் முழுதும் நிற்பதாலும் நடப்பதாலும் முதுகெலும்பின் வட்டுகள் சற்று அமுங்குவதே காரணம். பூங்காவில் செருப்பு வேறு, கொண்டை வேறு, எக்கி நிற்கும் முன்பாதம் வேறு.

முதலில், அந்தக் கோல் எதை அளக்கிறது? உயரம் இங்கே ஒரு பதிலி மட்டுமே. வடிவமைப்பாளருக்கு உண்மையில் வேண்டியது இடுப்பெலும்பின் அளவும் தொடையின் நீளமும் தோளின் இடமும். தொடைமேல் படியும் கம்பி இடுப்பெலும்பில் ஊன்றி உடலைப் பிடிக்க வேண்டும். உடல் சிறிதாக இருந்தால், வண்டி மேட்டைக் கடந்து இறங்கும் நொடியில் பிள்ளை கம்பிக்கு அடியிலோ மேலாகவோ நழுவிவிடலாம். தோள்மேல் இறங்கும் பிடிப்பு தோளில் அமராமல் காதில் மோதலாம். சிறு பிள்ளைகளுக்கு உடலோடு ஒப்பிடத் தலை கனமானது. கழுத்துத் தசைகளோ வலுவற்றவை. திடீர்த் திருப்பம் ஒன்று பெரியவருக்குத் தருவது கிளுகிளுப்பு. அதே திருப்பம் அந்தக் கழுத்துக்குத் தருவது வேறு. ஒவ்வொருவரின் இடுப்பையும் வாயிலில் நின்று அளக்க முடியாது. எனவே எளிதில் அளக்கத்தக்க உயரம் பதிலியாக வந்து நிற்கிறது.

அந்தப் பதிலி வயதைக் காட்டாது. 120 செ.மீ. என்ற கோட்டை எடுத்துக்கொள்வோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி, நடுத்தர உயரமுள்ள ஆண் பிள்ளை ஏழு வயதை நெருங்கும்போது அக்கோட்டைத் தொடுகிறான். நெட்டையாக வளரும் பிள்ளை ஐந்தரை வயதுக்குள்ளேயே தொட்டுவிடுகிறான். குட்டையான பிள்ளைக்கோ ஒன்பது வயது ஆகிவிடுகிறது. ஆக, அறிவிப்பைப் படிக்கவே தெரியாத ஐந்து வயதும், படித்துப் பொருள் சொல்லக்கூடிய ஒன்பது வயதும் ஒரே கோட்டில் தலைதட்டுகின்றன. கையை வெளியே நீட்டாதே, வண்டி நிற்கும்வரை எழாதே என்ற இரு சொற்றொடர்களை நினைவில் வைத்திருப்பதில் இவ்விரு வயதுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பது பள்ளி ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரியும்.

இப்படி ஐயத்துக்கிடமான அளவென்றால் அதை வளைத்தால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். அளவு துல்லியமற்றது என்பதனாலேயே அதை வளைக்கக்கூடாது என்பது என் விடை. இரண்டு செ.மீ. பிழை ஏற்கெனவே அளப்பதில் ஒளிந்திருக்கிறது. அதன்மேல் நம் சலுகையாக இன்னும் இரண்டு சேர்த்தால் வடிவமைப்பாளர் விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளியை நாமே தின்றுவிடுகிறோம். நம் ஊர்ப் பெற்றோரிடம் ஒரு வேடிக்கை உண்டு. பல பூங்காக்களில் நுழைவுச்சீட்டு விலையும் உயரத்தைப் பொறுத்ததே. சீட்டு வாங்கும் இடத்தில் “கொஞ்சம் குனிஞ்சு நில்லுடா” என்று சொல்லும் அதே தந்தை, அரைமணி கழித்து ரைடு வாயிலில் “நல்லா நிமிர்ந்து நில்லுடா” என்கிறார். பிள்ளை ஒன்றுதான், அதற்குள் வளர்ந்தது நம் ஆசை.

கோட்டைத் தாண்டியதே போதும் என்பதும் உண்மை அன்று. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் 2014இல் வெர்ரூக்ட் என்ற நீர்ச்சறுக்கு திறக்கப்பட்டது. உயரம் 51 மீட்டர். உலகிலேயே உயரமானது என்று கொண்டாடப்பட்டது. ஜெர்மன் மொழியில் அப்பெயருக்குப் ‘பைத்தியக்காரத்தனம்’ என்று பொருள். 14 வயதுக்கு மேற்பட்டோர்க்கே அனுமதி என்று முதலில் எண்ணியிருந்தார்கள். பிறகு அந்த வயது வரம்பைக் கைவிட்டு உயர வரம்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2016 ஆகஸ்டில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அதில் உயிரிழந்தான். அவன் எந்த விதியையும் மீறவில்லை. உயர வரம்பைத் தாண்டியிருந்தான். மிதவை பாதையைவிட்டு எழும்பிப் பறந்ததே காரணம். சறுக்கே பிழையாக வடிவமைக்கப்பட்டிருந்தால் வாயிலில் நிற்கும் கோல் எவரையும் காக்காது. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ஊசல் ரைடு முறிந்து விழுந்து இருவர் இறந்தபோதும் இதுவே கதை. அங்கே முறிந்தது இரும்பு. பிள்ளைக்கு ஏற்றதா என்ற கேள்வியைக் கோலிடம் விட்டுவிட்டால், வடிவமைத்தவரையும் பராமரிப்பவரையும் கேட்க வேண்டியதை நாம் கேட்காமல் போகிறோம்.

அடுத்தது மனம். உடலுக்கு ஓர் இடரும் தராத ரைடுகூட ஒரு பிள்ளையை இரவெல்லாம் விழிக்கவைக்கலாம். இதற்கு நல்ல சான்று, 1955இல் டிஸ்னிலாந்து திறந்தபோதே அங்கிருந்த ஸ்னோ ஒயிட் ரைடு. மெதுவாக ஊரும் வண்டி. உயர வரம்பே இல்லை. ஆனால் இருட்டில் சூனியக்காரி திரும்பத் திரும்ப எதிரே வந்து நிற்பாள். கதைத் தலைவி கண்ணிலேயே பட மாட்டாள். வண்டியில் இருப்பவரே ஸ்னோ ஒயிட் என்பது வடிவமைப்பாளர்களின் எண்ணம். நுட்பமான எண்ணந்தான், பலருக்கு அது விளங்கவில்லை. 1983இல் அதைப் புதுப்பித்தபோது கதைத் தலைவியின் உருவத்தைச் சேர்த்தார்கள். பெயரிலேயே ‘அச்சமூட்டும்’ என்ற சொல்லையும் சேர்த்தார்கள். 2021இல் மறுபடியும் மாற்றி, மகிழ்ச்சியான முடிவோடு வேறு பெயரிட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளையின் அழுகையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள அறுபதாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. பழைய வடிவமே உயர்ந்தது என்று வாதிடும் ரசிகர்கள் இன்றும் உண்டு. அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது: நம் பாட்டிமார் கதைகளில் பேயும் அரக்கனும் இல்லாமலா இருந்தார்கள்? ஆனால் பாட்டி பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கதை சொன்னாள். முகம் சுருங்கினால் அரக்கனைச் சற்று முன்னதாகவே கொன்றுவிடுவாள்.

நம் ஊர்த் திருவிழாக்களில் கையால் சுற்றும் குடை ராட்டினத்திலும் இந்த வசதி இருந்தது. நான்கைந்து மரக்குதிரைகள், நடுவே ஒரு கம்பம், தள்ளிவிட ஓர் ஆள். பிள்ளை வீறிட்டால் அவர் கையை வைத்து நிறுத்துவார், இறக்கிவிடுவார், மற்றவர்களுக்காக மறுபடி சுற்றுவார். மோட்டார் வந்தபோது ராட்டினம் வேகம் பெற்றது. நிறுத்தும் கை பொத்தானுக்குப் போனது. ரோலர் கோஸ்டரில் அந்தப் பொத்தானாலும் உடனடிப் பயனில்லை. சங்கிலி வண்டியை உச்சிக்கு இழுத்துவிட்டபின் அதை ஓட்டுவது புவியீர்ப்பு. அடுத்த தடைக்கட்டை இருக்கும் இடம்வரை எவர் அழுதாலும் அது ஓடியே தீரும். நடுவில் கேட்க முடியாது என்பதால், ஏறுமுன் கேட்டாக வேண்டும்.

கேட்கிறோமா? சென்ற குளிர்காலத்தில் நண்பர் குடும்பத்தோடு நான் போன ஒரு பூங்காவில் கண்டதைச் சொல்கிறேன். இமேஜிகா அன்று, வேறொரு சிறு பூங்கா, பெயர் தேவையில்லை. நண்பரின் மகனுக்கு ஐந்தே முக்கால் வயது. வயதுக்கு மீறிய உயரம். அவர்கள் வீட்டில் சமைக்கும் மாவ்ஷியின் மகளும் உடன் வந்திருந்தாள், ஒன்பது வயது. கோட்டருகே இருவரும் நின்றார்கள். பையன் தாண்டினான், சிறுமிக்கு மூன்று செ.மீ. குறைந்தது. அறிவிப்புப் பலகை முழுவதையும் மராட்டியில் உரக்கப் படித்துக்காட்டியவள் அவள்தான். அவளுக்கு ஏற ஆசை. பையனோ தந்தையின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றான்.

“உயரந்தான் சரியா இருக்கே, என்னடா பயம்?” என்றார் நண்பர். வரிசை பின்னாலிருந்து நெருக்கியது. கம்பியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த இளைஞர் தலைநிமிர்ந்து, “லேக்ரூ நக்கோ ம்ஹண்தய், சாஹேப்” என்றார். பிள்ளை வேண்டாம் என்கிறது, ஐயா. அவ்வளவுதான். நண்பர் மகனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். சிறுமியிடமும் அதே இளைஞர், அடுத்த ஆண்டு வா என்றார். இரண்டும் சரியான முடிவுகளே. சலுகை கேட்ட இடத்தில் கோட்டை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கோடு அனுமதித்த இடத்திலும் பிள்ளையின் சொல்லை அவர் கேட்டார்.

ஆனால் அந்த மூன்று செ.மீ. என்னை விடவில்லை. ஏனெனில் அது என் துறை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். மராட்டியத்தில் 35.2, தமிழ்நாட்டில் 25. உயரக் குறைவில் மரபுக்கும் பங்குண்டு. ஒரு தனிப்பிள்ளையைப் பார்த்து இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கூட்டமாகப் பார்க்கும்போது தாயின் உணவும் குடிநீரும் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுப்போக்கும் அந்த எண்ணில் தெரிகின்றன. பூங்கா எவரையும் சாதியோ வருவாயோ கேட்டு நிறுத்துவதில்லை. எனினும் அந்தக் கோலின் கீழே தங்கிவிடும் ஒன்பது வயதினர் எந்த வீடுகளிலிருந்து வருகிறார்கள் என்பதை நின்று பார்த்தால் தெரியும். இதற்குப் பரிகாரம் கோட்டை இறக்குவதன்று. இடுப்பெலும்புக்கு இயற்பியல் சலுகை காட்டாது. கோட்டுக்குக் கீழேயும் ஒன்பது வயது மனத்துக்கு ஈடுகொடுக்கும் ரைடுகளைக் கட்டுவதே பரிகாரம்.

அது கூடாத காரியமன்று. இமேஜிகாவிலேயே உயரத்திலிருந்து தடாலென விழவைக்கும் ‘டேர் டு டிராப்’ இருக்கிறது; அதே எண்ணத்தைச் சிறுவருக்குச் சுருக்கித் தரும் ‘ஹம்ப்டிஸ் ஃபால்’ என்பதும் இருக்கிறது. விழுவதன் சுவை இரண்டிலும் ஒன்றே, அளவு வேறு. பித்தர் தரப்பு அஞ்சுவதுபோல் எதுவும் மழுங்கிவிடவில்லை. பெரியவருக்குப் பெரியது அப்படியே நிற்கிறது. ஆனால் நம் பூங்காக்கள் பலவற்றில் சிறுவர் பகுதி என்றாலே கார்ட்டூன் பொம்மையும் மெல்லச் சுழலும் வட்டமும் என்றாகிவிட்டது. நான்கு வயதுக்கு அது போதும். எட்டு, ஒன்பது வயதுக்கு அவமதிப்பு.

விவாதிக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். உயரக்கோல் தெரிவிப்பது இயந்திரத்தின் சம்மதத்தை. அதில் பேரம் பேசக்கூடாது. பிள்ளையின் சம்மதம் வேறு. அதைத் தனியே, வரிசையில் நிற்குமுன்பே, ரைடு ஓடுவதை ஒருமுறை வெளியே நின்று பார்க்கவிட்டுக் கேட்க வேண்டும். வண்டியில் ஏறும் கடைசி நொடியிலும் மனம் மாற அதற்கு உரிமை உண்டு. ஆகவே ஏறும் மேடைக்கு அருகிலேயே வெட்கமின்றி வெளியேற ஒரு வழி வேண்டும். அது பல இடங்களில் ‘கோழைகள் வழி’ என்ற கேலிப்பெயரோடு இருக்கிறது. அந்தப் பெயரை முதலில் அழிக்கலாம்.

வடிவமைப்பும் மானுடவியலும் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மண்டையில் முள்முடிக் கருவிகளைப் பொருத்தி அச்சத்தை அளக்கும் ஆய்வுகள் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு நாள் முழுதும் ஓர் உயரக்கோலின் அருகே அமர்ந்து, எத்தனை பிள்ளைகளிடம் “உனக்கு வேணுமா?” என்று கேட்கப்படுகிறது என்று மட்டும் எண்ணிப்பாருங்கள். மாற்றுக் கருத்துடையோர் எழுதுங்கள்; கோஸ்டர் பித்தர்கள் சற்று விரிவாகவே எழுதுங்கள். நைட்ரோவை நான் குறைசொல்லவில்லை என்பதை மட்டும் கருத்தில் கொள்க.