கறுப்புச் சட்டை

நாற்காலியிலிருந்து ஒரு கிழவர் எழுந்து கதவுவரை நடக்க வேண்டும். அவ்வளவுதான் படம். கிழவர் ஒரு சாண் உயரம். உள்ளே கம்பி, மேலே பிளாஸ்டிசின் களிமண். அவரைச் செய்ததும் நகர்த்தியதும் என் நண்பன். காமிரா என் பொறுப்பு. விநாடிக்கு 12 படங்கள் வீதம் 20 விநாடிக்கு 240 படங்கள். இரவுக்கு 24 எடுத்தோம். பத்தாவது இரவு எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தோம். கிழவர் முழங்காலில் கையூன்றி, ஒருமுறை தயங்கி, எழுந்து நடந்தார். ஆனால் அறை முழுக்க, காற்றில் அகப்பட்ட சுடர்போல, வெளிச்சம் சிமிட்டிக்கொண்டேயிருந்தது.

"உன் வெள்ளைச் சட்டைதாண்டா காரணம்" என்றேன்.

இதில் ஒரு நியாயமும் இருந்தது. ஸ்டாப் மோஷன்காரர்கள் கறுப்பு உடை அணிவது வழக்கம். பொம்மையருகே நிற்பவரின் சட்டை வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும். அவர் நிற்கும் இடமோ படத்துக்குப் படம் மாறும். ஜன்னல் வெளிச்சமும் மாறும். மின்சாரம் ஏறி இறங்கும். காமிராவை அதன் போக்கில் விட்டால் வெளிச்ச அளவையும் நிறத்தையும் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தீர்மானிக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் கையாலேயே நிர்ணயித்திருந்தேன். இப்போது ஜன்னலை அட்டையால் அடைத்தேன். விளக்குகளுக்கு ஸ்டெபிலைசர் வைத்தேன். ஷட்டரை அரை விநாடிக்கு நீட்டினேன். நண்பன் ஒரு கறுப்புச் சட்டை வாங்கிவந்தான். மே மாதம். மின்விசிறி போட்டால் பொம்மையின் துணி அசையும் என்பதால் அதுவும் கிடையாது. மறுபடி பத்து இரவுகள். சிமிட்டல் அப்படியே இருந்தது. அவன் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் தடவைக்கு வரவுமில்லை.

பிறகு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பொம்மையை எடுத்துவிட்டு, வெற்று அறையை, காமிராவைத் தொடாமல் வெளியிலிருந்து விசை அழுத்தி, எஃப் 11-ல் 50 படங்கள் எடுத்தேன். அறையில் யாருமில்லை. எந்தச் சட்டையும் இல்லை. வெளிச்சம் சிமிட்டியது. லென்ஸை முழுக்கத் திறந்துவைத்து இன்னும் 50 எடுத்தேன். அசையாமல் நின்றது.

குற்றம் லென்ஸில். இன்றைய லென்ஸ்கள், நாம் பார்க்க வசதியாக, துவாரத்தை அகலத் திறந்தே வைத்திருக்கின்றன. படம் பிடிக்கும் கணத்தில் மட்டும் காமிராவின் கட்டளைப்படி உள்ளேயுள்ள தகடுகள் குறிப்பிட்ட அளவுக்குச் சுருங்கி, மறுபடி விரிகின்றன. சுருங்கும் ஒவ்வொரு தடவையும் மயிரிழை வித்தியாசம். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 11 என்றால் துவாரத்தின் விட்டம் ஏறக்குறைய 4.5 மில்லிமீட்டர். அதில் 0.1 மில்லிமீட்டர் பிசகினால் வெளிச்சத்தில் 4 சதவீதத்துக்கு மேல் மாறும். எஃப் 2.8-ல் அதே பிசகு 1 சதவீதத்தைச் சற்றே தாண்டும். தனியாகப் பார்த்தால் எந்தப் படத்திலும் குறை தெரியாது. போட்டோ எடுப்பவனுக்கு இது பிரச்னையே அல்ல. அடுத்தடுத்து ஓட்டும்போதுதான் கண் பிடித்துவிடுகிறது.

முழுக்கத் திறந்தே எடுக்கலாம் என்றால் கிழவரின் மூக்கு தெளியும்போது காது மங்கிவிடும். இவ்வளவு சிறிய உருவத்துக்குச் சிறிய துவாரம் தேவை. ஒரு தந்திரம் உண்டு. துவாரத்தைச் சுருக்கிக் காட்டும் பொத்தானை அழுத்தியபடியே, லென்ஸின் பூட்டை விடுவித்து லேசாகத் திருகினால், காமிராவுக்கும் லென்ஸுக்குமான மின்தொடர்பு அறுந்துவிடும். தகடுகள் இருந்த நிலையிலேயே நின்றுவிடும். ஆனால் பாதி கழன்ற லென்ஸ் எந்த நேரமும் விழலாம். இதைவிட உத்தமம், துவாரத்தைக் கையால் வளையத்தைத் திருகி நிர்ணயிக்கும் பழைய லென்ஸை வேறு கம்பெனிக் காமிராவில் இணைப்பு வளையம் கொண்டு மாட்டுவது. தன் காமிராவில் அதன் தகடுகளை அசைக்க ஒரு நெம்புகோல் இருக்கும். அந்நியக் காமிராவில் அதைத் தொட ஆளில்லை. 2005-ல் வந்த 'கார்ப்ஸ் பிரைட்' படத்தையே கேனான் காமிராக்களில் நிக்கான் லென்ஸ்களைப் பொருத்தித்தான் எடுத்தார்கள். நானும் ஒரு பழைய லென்ஸ் வாங்கினேன்.

மூன்றாவது படத்தைத் தனியாக எடுத்தேன். பொம்மையை நானே நகர்த்தினேன். வெளிச்சம் கல்லைப்போல் நின்றது. கிழவர் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுவரை போனார். அவருக்கு வயதே இல்லை. முழங்கால் வலியில்லாத ஒரு களிமண் உருண்டை இடம் மாறியது, அவ்வளவுதான்.

நண்பனின் படத்தைக் கம்ப்யூட்டரில் சரிசெய்யப் பார்த்தேன். முன்பின் படங்களின் வெளிச்சத்தைக் கணக்கிட்டுச் சமன்படுத்தும் நிரல்கள் இருக்கின்றன. அது சிமிட்டலைப் பெரும்பாலும் போக்கியது. ஆனால் கிழவரின் நிழல் சுவரில் பெரிதாக விழும் இடத்தில், அந்த நிழலையும் பிசகாக எண்ணி அறையை வெளுக்க வைத்தது.

1933-ன் 'கிங் காங்' குரங்கின் ரோமம் படம் முழுக்க நெளிந்துகொண்டேயிருக்கும். நகர்த்தியவர்களின் விரல் பட்ட இடம் அது. அந்த நெளிவைக் காட்டி என் சிமிட்டலுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள ஒரு சமயம் முயன்றேன். எடுபடவில்லை. அங்கே தெரிவது ஒருவர் கை. என் படத்தில் தெரிவது, சோதித்துப் பார்க்காமல் அடுத்தவன் சட்டையைக் குற்றம் சொன்ன ஒருவனின் சோம்பல்.

போன மாதம் அவனைக் கூப்பிட்டு, திருத்தாத இரண்டாவது படத்தைப் போட்டுக் காட்டினேன். லென்ஸ்தான் காரணம், சட்டையல்ல என்றேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்திரிக்கறப்ப அந்த முழங்கால் சரியா வந்திருக்கில்ல?" என்றான். வந்திருக்கிறது என்றேன். மறுபடி போடச் சொன்னான்.