சைத்தூனின் சொந்தம்

வெரளிக்காய்க்கு ‘சிலோன் ஒலிவ்’ என்றும் ஒரு பெயர் உண்டு. “வெரளியும் சைத்தூனும் ஒரே இனம், மகள்” என்பார் உம்மும்மா. “இல்லை, இரண்டும் வேறு குடும்பம்” என்று உயிரியல் படிக்கும் பெருமையில் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் பிறகு எதுவும் பேசவில்லை.

சைத்தூன் இலைகள் சோடி சோடியாக எதிரெதிரே அமையும். இலையின் கீழ்ப்புறத்தில் வெள்ளி நிற நுண்செதில்கள் நீரிழப்பைக் குறைக்கும். சின்னஞ்சிறு வெண்பூவில் நான்கு அல்லிகள், இரண்டே கேசரங்கள். குடும்பம் ஒலியேசியே. அதே குடும்பத்தில் மல்லிகையும் இருப்பதை அண்மையில்தான் படித்தேன்.

எங்கள் முற்றத்து மல்லிகை உம்மும்மா நட்டது. சைத்தூனின் சொந்தம் அவர் கையாலேயே வளர்ந்திருக்கிறது! ஓடிப்போய்ச் சொல்ல இன்று அவர் இல்லை. பூப்பறிக்கும் போதெல்லாம் அவருக்காக துஆச் செய்கிறேன்.