ஒரு விரற்கடை நீர்

குளிர்காலத்தில் பறவை பார்க்கப் புறப்படுகிறவர்கள் வேடந்தாங்கலுக்கோ பழவேற்காட்டுக்கோ கூந்தன்குளத்துக்கோ வண்டி ஏறுகிறார்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தை யாரும் அந்த வரிசையில் சேர்ப்பதில்லை. ஆலங்காயம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காவலூர் வான்நோக்கு நிலையத்துக்குப் போகும் வழி, ஜவ்வாது மலை ஏறுமுன் டீ குடிக்க இறங்கும் இடம், அவ்வளவுதான். ஆனால் மார்கழிக் காலையில் பறவை பார்த்தபடி நடக்க இந்த மலையடிவாரத்து ஏரிக்கரைகளைவிடப் பொருத்தமான இடம் இந்த வட்டாரத்தில் இல்லை என்று நினைக்கிறேன். இங்கே அபூர்வப் பறவை வரும் என்பதற்காகச் சொல்லவில்லை. தண்ணீர் நலமாக இருக்கிறதா என்று இந்த வட்டாரம் முப்பது நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு, ஒரே கரையில் திரும்பத் திரும்ப நடக்கிறவர்களிடம் ஒரு பங்கு பதில் சேரும் என்பதற்காகச் சொல்கிறேன். அதற்குப் புதிதாகப் பூங்கா எதுவும் கட்ட வேண்டியதில்லை. நடைபாதையை ஏரி வெட்டியவர்களே கரையாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஏரியை ஒரு நாள் பார்த்தால் அது வெறும் தண்ணீர்ப்பரப்பு. கார்த்திகை தொடங்கி மாசி வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால், ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து ஏரிகள் அந்த ஒரே இடத்தில் வந்துபோவது தெரியும். மழை நன்றாகப் பெய்து ஏரி கோடி போகும் நாளில் நடுவில் முக்குளிப்பான் மூழ்கி எழும். வாத்துகள் வந்தால் ஆழமான பக்கத்தில் கூட்டமாக மிதக்கும். கரையோரம் அதிகம் எதுவும் இருக்காது. பயிருக்கு மதகு திறந்து, தை பிறந்து, நீர் ஒவ்வொரு சாணாகப் பின்வாங்கும்போதுதான் கச்சேரி ஆரம்பிக்கிறது. தண்ணீர் விட்டுப்போன ஈரச் சேற்றில் உள்ளான்கள் இறங்குகின்றன. கொசு உள்ளான் என்று பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்களே, அது சிட்டுக்குருவி அளவுதான்; வட துருவத்தை ஒட்டிய தரிசு வெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வருகிறது. அதன் அலகின் நீளம் இரண்டு சென்டிமீட்டருக்குள். தையல் மிஷின் ஊசி இறங்குவதுபோலச் சேற்றில் குத்திக் குத்தி நகரும். கால் நனைய வேண்டும், வயிறு நனையக் கூடாது. ஒரு விரற்கடை நீர்தான் அதற்கு ஏரி. அதற்கு அடுத்த ஆழத்தில் பொரி உள்ளான் நிற்கும், அதற்கும் உள்ளே நெடுங்கால் உள்ளான். கடைசியில் குட்டைகளாகத் தேங்கிய நீரில் மீன்கள் நெருக்கியடிக்கும்போது கொக்கும் நாரையும் வந்து முடித்துவைக்கும். இத்தனை பேருக்கும் பந்தி போடுவது கரையின் சரிவு ஒன்றுதான்.

அதனால்தான் ஈரநிலப் பூங்கா என்ற பெயரில் ஏரிகளுக்குச் செய்யப்படும் அலங்காரம் எனக்குக் கவலை தருகிறது. பொக்லைன் இறங்கி ஏரியைத் தொட்டிபோல வெட்டி, ஓரத்தைச் செங்குத்தாக்கி, கல் பதித்து, மேலே டைல்ஸ் நடைபாதையும் விளக்குக் கம்பமும் வைத்துவிட்டால் தண்ணீர் நிற்கும், படகு ஓடும், ஆனால் அந்த ஒரு விரற்கடை நீர் எங்கும் இருக்காது. கால் ஊன்ற இடம் இல்லாத ஏரி உள்ளானுக்குக் கட்டடம்தான். பெண்களும் வயதானவர்களும் முள்ளும் பாம்பும் உள்ள கரையில் எப்படி நடப்பார்கள், கழிப்பறை வேண்டாமா, உட்கார ஒரு பெஞ்சு வேண்டாமா என்று கேட்பது நியாயமான கேள்வி. வேண்டும்தான். சாலையை ஒட்டிய ஒரு பக்கத்தில் அவற்றை வைக்கலாம். மற்ற மூன்று பக்கத்தைச் சரிவாகவே விட்டுவிடச் சொல்வது பெரிய கோரிக்கை அல்ல, செலவும் குறைவு.

இனி தோல் பதனிடும் தொழிலுக்கு வருவோம். அதைப் பேசாமல் இந்த வட்டாரத்தில் நீரைப் பற்றிப் பேச முடியாது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறிய தோல், பிறகு குரோமியத்துக்கு மாறியது. உப்பிட்டு வரும் பச்சைத்தோலைக் கழுவும் முதல் தண்ணீரிலேயே உப்பு வெளியேறத் தொடங்கிவிடுகிறது. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தோல் தொழிற்சாலைகள் சூழ்ந்த இப்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதைப் பதிவு செய்தது. ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் நீர் செலவாகிறது என்ற கணக்கும் அதில் உண்டு. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்திய நாட்டின் சட்டமாக நிலைபெற்றதில் இந்த ஊர்களின் கிணற்றுத் தண்ணீருக்கும் பங்கு உண்டு. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மறுபடியும் இங்கே ஓடும் பாலாற்றின் நிலையைச் சொல்லி, இழப்பீட்டுக்கும் கண்காணிப்புக் குழுவுக்கும் உத்தரவிட்டது. இடையில் ஓடியது ஏறத்தாழ இருபத்தெட்டு வருடம்.

பறவை இருந்தால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தமா? இல்லை. இந்த ஆட்சேபத்தை முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். நெடுங்கால் உள்ளான் சாக்கடை தேங்கும் குட்டையிலும் கூட்டம் கூட்டமாக மேயும். கழிவில் பெருகும் புழுவும் பூச்சியும் அதற்கு விருந்து. ஆகவே ஒரு நாள் எண்ணிக்கையைக் காட்டி ஏரி நலமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கவனிக்க வேண்டியது யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை, அதுவும் பல வருடம் சேர்த்து. மீனை நம்பிய முக்குளிப்பானும் மீன்கொத்தியும், மிதக்கும் இலைமேல் நடக்கும் இலைக்கோழியும் வருடா வருடம் குறைந்து, நெடுங்கால் உள்ளான் மட்டும் பெருகிக்கொண்டே போனால், ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். என்ன மாறியது என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். ஆனால் எந்த ஏரியில், எந்த மாதம் புட்டியில் நீர் பிடித்து அனுப்ப வேண்டும் என்பதை, பறவைகளை எண்ணிக் குறித்த நோட்டுப்புத்தகம் சொல்லிவிடும். இந்த வகையில் ஆலங்காயத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. மலை ஓடை நீர் வந்து விழும் அடிவாரத்து ஏரிகளும் ஆண்டியப்பனூர் ஓடை நீர்த்தேக்கமும் இங்கே. தொழிற்சாலைகளை ஒட்டிய பாலாற்றுப் படுகையும் அதைச் சார்ந்த ஏரிகளும் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம். ஒரே காலையில் இரண்டு குழு இரண்டு இடத்திலும் எண்ணினால் ஒப்பிட்டுப் பார்க்க ஆதாரம் கையில் கிடைக்கும். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழகம் முழுதும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் இந்த ஊர்ப்பெயர்களும் வருடம் தவறாமல் ஏற வேண்டும்.

தொழில் நடக்கும் ஊரில் இதெல்லாம் ஆகிற காரியமா என்பவர்கள் திருப்பூரைப் பார்க்கட்டும். சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாடு நாடறிந்தது. அந்த ஊர் எல்லையில் இருக்கும் நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உள்ளூர் ஆர்வலர்கள் வருடக்கணக்கில் எழுதிவைத்த பறவைப் பட்டியல் இல்லாமல் அந்தக் குளத்தின் மதிப்பை அரசுக்கு எடுத்துக் காட்டியிருக்க முடியாது. பொறுமையாகக் குறித்துவைப்பது ஆலங்காயத்துக்குப் புதிதும் அல்ல. பக்கத்தில் காவலூரில் அறுபதுகளின் கடைசியிலிருந்து இரவுதோறும் அதே வானத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1986இல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது. வலசைப் பறவைகளில் பல இரவில்தான் பறக்கின்றன, சில இனங்கள் விண்மீன்களை வைத்தே திசை பிடிக்கின்றன என்று அறுபதுகளில் அமெரிக்காவில் ஸ்டீபன் எம்லன் கோளரங்கத்துக்குள் பறவைகளை வைத்துக் காட்டினார். தொலைநோக்கிக்காகக் காக்கப்படும் இருட்டு அவற்றுக்கும் உதவும். ஏரிக்கரையில் விளக்குக் கம்பம் நடுமுன் இதையும் யோசிக்கலாம்.

இது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்ற குறை இன்னொன்று. பெயர்களைப் பாருங்கள். மடையோரம் அசையாமல் நிற்பது மடையான். மாட்டு மேலிருந்து உண்ணி பொறுக்குவது உண்ணிக்கொக்கு. நத்தையைக் குத்தித் தின்பது நத்தைக்குத்தி நாரை. ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுப்பது ஆள்காட்டி. மாடு மேய்த்தவரும் மடை திறந்தவரும் வைத்த பெயர்கள் இவை. பைனாகுலர் பின்னால் வந்தது. வேடந்தாங்கலைக் காத்ததும் உழவர்களே. பறவை எச்சம் விழுந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அறிந்து, பறவைகளைச் சுடுபவர்களைத் தடுக்கச் சொல்லி அவர்கள் முறையிட்டதால்தான் 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை தந்தார். தொழிற்சாலையில் ஆறு நாள் நிற்பவருக்கு ஞாயிறு காலை ஒரு மணி நேரம் போதும். ஏரிக்கரைக்கு டிக்கெட் கிடையாது.

வலசை வந்தவை பங்குனியில் பெரும்பாலும் கிளம்பிவிடும். வெடித்த ஏரித்தரையில் ஆள்காட்டி கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக முட்டையிட்டு, டிராக்டர் சத்தத்துக்குக் கத்தி வட்டமடிக்கும். வண்டல் அள்ள வரும் வண்டி அது. வயலுக்கு வண்டல் வேண்டும், ஏரிக்கும் அது குறைய வேண்டும். அள்ளுகிறவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: நடுவில் தோண்டுங்க அண்ணே, ஓரத்துச் சரிவை வெட்டாதீங்க.