வேடந்தாங்கலில் ஒரு சனிக்கிழமை

தொண்டை மண்டலத்து ஊர்ப்பெயர்களில் அடிக்கடி எதிர்ப்படும் சொல் ‘தாங்கல்’. பாசனத்துக்காக மழைநீரைத் தாங்கி நிறுத்தும் சிற்றேரி என்பது அதன் பொருள். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்ரயிலில் செல்லும் நாம் நாள்தோறும் பழவந்தாங்கலைக் கடக்கிறோம். போரூர்ப் பக்கம் போனால் ஐயப்பன்தாங்கல். நம் காதில் இவை நிறுத்தங்களின் பெயர்களாக மட்டுமே விழுகின்றன. தாங்கல் இன்னும் தாங்கலாகவே இருக்கும் ஓர் ஊருக்கு, தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் குடும்பத்தோடு போய் வந்தோம்.

தாம்பரத்திலிருந்து வேடந்தாங்கல் சுமார் 60 கிலோமீட்டர். வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று ஜி.எஸ்.டி. சாலையில் கட்டடங்கள் விடாமல் உடன்வருகின்றன. செங்கல்பட்டை நெருங்கும்போது கொளவாய் ஏரி. அதைத் தாண்டினால் பாலாற்றுப் பாலம். படாளம் கூட்டுரோட்டில் வலப்புறம் திரும்பிய பிறகுதான் வயல் கண்ணில் படத் தொடங்குகிறது.

ஏரிகளைப் பார்க்கப் போவது எங்கள் வீட்டில் எளிய காரியமன்று. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியபோது எங்கள் தெருவும் தப்பவில்லை. இரண்டு இரவுகள் பக்கத்து வீட்டு மாடியில் கழிந்தன. அப்போது ஐந்து வயதாயிருந்த மகளுக்கு, ஏரி என்றால் நள்ளிரவில் வீட்டுக்குள் வரும் ஒன்று. கரையில் நடந்து ரசிக்கத்தக்க நீர் உண்டு என்பதை நாங்கள் அவளுக்குச் சொல்லியிருக்கிறோம், காட்டியதில்லை.

ஏறக்குறைய 30 ஹெக்டேர்தான் வேடந்தாங்கல் ஏரி. நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் இலை தெரியாதபடி பறவைகள். நத்தைகுத்தி நாரைகள் அலகுகளைத் தட்டும் ஓசை கரைவரை கேட்டது. கூழைக்கடாக்கள் கனத்த உடலோடு கிளையில் இறங்கும்போது மரமே ஒரு முறை தாழ்ந்து எழுந்தது. நீர்க்காகங்கள் சிறகு விரித்து வெயில் காய்ந்தன. இவற்றோடு காற்றில் வந்த எச்சத்தின் நெடியும் சேர்ந்ததுதான் அந்தக் காட்சி. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கரையோரம் மண்வெட்டியோடு வந்த முதியவர் ஒருவர் சிரித்தார்.

“இந்த நாத்தந்தான் பாப்பா எங்களுக்கு உரமூட்டை. இந்தத் தண்ணி பாஞ்சா பயிரு தானா கறுத்துக்கும்.”

பறவைகளின் எச்சம் விழுந்து தழைச்சத்து ஏறிய நீர் மதகு வழியே வயலுக்குப் போகிறது. பறவைகளும் இந்தச் சிறு ஏரியை மட்டும் நம்பி வாழ்வதில்லை. இங்கே கூடு கட்டினாலும், இரைக்குச் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறந்து செல்கின்றன. வயலில் பொறுக்கிய நத்தை குஞ்சுக்கு. குஞ்சின் எச்சம் மீண்டும் வயலுக்கு. சரணாலயத்தின் எல்லை ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் என வகுக்கப்பட்டிருப்பதன் காரணம் இங்கே வந்து நின்றால் விளங்குகிறது. 2020-இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் முன்மொழிவு எழுந்தபோது வந்த எதிர்ப்பின் நியாயமும் இதுவே. 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. நம் பள்ளிக்கரணையும் அதே ஆண்டு சேர்ந்ததுதான். குப்பைமேட்டுக்கும் அடுக்ககங்களுக்கும் நடுவே எஞ்சிய சதுப்பு அது.

வேடந்தாங்கலின் காவல் அரசு தொடங்கியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் முறையிட்டனர் என்பது வரலாறு. 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு உறுதிசெய்து ‘கவுல்’ எனப்படும் ஆவணம் வழங்கினார். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலின் தாயார் சந்நிதிக் கல்வெட்டில் இருப்பதும் இவர் பெயரே. கரை உடையாமல் இராமலட்சுமணர் காவல் நின்றதை அவர் கண்டதாக அங்கே ஐதிகம். கரையைத் தெய்வம் காத்தது, பறவையை ஊர் காத்தது என்று அடுத்தடுத்து இரு ஏரிகளின் கதைகளில் ஒரே துரை வந்துபோகிறார்.

திணைக்குரிய கருப்பொருள்களை மாணவர்களுக்குப் பாடம் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் என்று வரிசையாக எழுதிப்போடுவது வழக்கம். தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்படும் வரிசை அது. மருதத்தின் புள்ளாக நாரை ஏன் வருகிறது என்பதற்கு அந்தக் கரைதான் விரிவுரை. அங்கே நாரையை எடுத்துவிட்டால் நெல் மெலியும். நெல்லை எடுத்துவிட்டால் நாரைக்கு இரை இல்லை. உழவரை எடுத்துவிட்டால் கரையைச் செப்பனிட ஆள் இல்லை. கருப்பொருள் என்பது ஒன்றையொன்று தாங்கி நிற்கும் பொருள்களின் கணக்கு. எங்கள் புறநகரில் அந்தக் கணக்கில் முதலில் விடுபட்டது வயல். பாய வயல் இல்லாத ஏரிக்கு மதகு வேண்டாம். மதகு வேண்டாத ஏரியைக் காக்கவும் எவருக்கும் முகாந்திரமில்லை. மனையாவது அதற்குப் பிந்திய படி.

போக விரும்புவோர் மழை நன்றாகப் பெய்த ஆண்டைத் தேர்ந்துகொள்வது நல்லது. ஏரி நிரம்பாவிட்டால் பறவைகள் மிகக் குறைவாகவே வரும். கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். அதிகாலையிலோ, இரை தேடிப் போன பறவைகள் திரும்பும் மாலையிலோ கண்காணிப்புக் கோபுரத்தில் இருப்பது நலம். சரணாலயத்துக்கு வருகிறவர்கள் அநேகமாக ஏரியை மட்டும் பார்த்துவிட்டுக் காரில் ஏறிவிடுகிறார்கள். சற்றுத் தள்ளி, மதகுநீர் பாயும் வயல்வரப்பிலும் அரைமணி நேரம் நடந்து வாருங்கள்.