கல்முனைக் கடைத்தெருவில் ஒரு சிற்றுறுப்பு

மட்டக்களப்பிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது கல்முனை. இருப்புப்பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுவதால், அதற்கப்பால் கரையோர ஊர்களுக்கு வேண்டிய பண்டமெல்லாம் தெருவழியே வந்து சேரவேண்டும். கைத்தறிக்குப் பேர்பெற்ற மருதமுனையையும் பாண்டிருப்பையும் கடந்து நாம் அங்கு தேடிச் சென்ற பொருளோ விரல்நுனி அளவினது.

உறவினர் வீட்டுச் சிறுவனின் விளையாட்டுக் கன்ட்ரோலர் பழுதுற்றிருந்தது. கட்டாரில் தொழில் புரியும் அவன் வாப்பா விடுமுறையில் கொண்டுவந்து கொடுத்தது அது. கை வைக்காமலே திரையிலுள்ள வீரன் இடப்புறமாக நடக்கத் தொடங்கிவிடுவான். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபின் புதியதொன்று வாங்குவது அவ்வீட்டாருக்கு எளிய காரியமன்று. "வாப்பா வரும்வரை பொறு" என்று உம்மா சொல்லிவிட்டார். வாப்பா வர இன்னும் ஓராண்டு இருந்தது.

கடைத்தெருவிற் கைத்தொலைபேசி திருத்தும் கடைகளுக்குக் குறைவில்லை. திரை, மின்கலம், மின்னேற்றும் துளை யாவும் கிடைக்கின்றன. நாம் கேட்டது மட்டும் மூன்று கடைகளில் இல்லை. நான்காவது, குறுக்கு ஒழுங்கையொன்றில் இருந்தது. முன்னாளில் வானொலி திருத்திய முதியவர் ஒருவர் அங்கிருந்தார். ஊரார் அவரைக் காக்கா என்றே அழைக்கின்றனர்.

கருவியைத் திறந்து பார்த்தவர், "மகன், பழைய றேடியோக் குமிழுக்கு வாற வருத்தந்தான் இதுக்கும்" என்றார்.

அவர் கூற்று முற்றிலும் உண்மை. பெருவிரலால் அசைக்கும் குச்சியின் அடியில் இரண்டு மாறுதடைகள் உள்ளன. ஒன்று இடவல அசைவையும், மற்றது மேல்கீழ் அசைவையும் அளக்கும். கரிப்பூச்சுப் பாதையொன்றின்மீது உலோக நாக்கு ஓயாது உராய்வதால் அப்பாதை தேய்கிறது. வானொலியில் அத்தேய்வு கரகரப்பாகக் கேட்டது. இங்கே வீரன் தானாக நடக்கிறான். 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைக் கொண்டு, காந்தத்தால் அசைவை உணரும் குச்சிகளும் இப்போது வந்துள்ளன. அவற்றில் உராய்வு இல்லாததால் இத்தேய்வும் இல்லை. விலைதான் சற்று அதிகம்.

கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிற்குச் சொல்லிவிட்டால் இரவு பஸ்ஸிற் புதிய உறுப்பு வருமாம். ஆயினும் முழு உறுப்பையும் மாற்றப் 14 ஈயப்பற்றுகளை இளக்கவேண்டும். சூடு மிகுந்தால் பலகையின் செப்புக்கோடு பெயர்ந்துவிடும். காக்கா வேறு வழி கண்டார். இறந்துபோன கன்ட்ரோலர்கள் நிறைந்த தகரப்பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். அதன் பலகை கடற்காற்றிற் கறுத்திருந்தது. மாறுதடையோ பழுதின்றி இருந்தது. மீற்றரால் அளந்து பார்த்துவிட்டு, பக்கமூடியை மெல்ல நெம்பி, உள்ளிருந்த சுழல்வில்லையை மட்டும் எடுத்து நம் கருவியிற் பொருத்தினார். ஈயம் உருகவேண்டிய தேவையே நேரவில்லை.

கணினியோடு இணைத்து நடுநிலையைச் சரிபார்த்தபோது புள்ளி அசையாது நின்றது. காக்கா கூலி சொல்லுமுன், அந்தத் தகரப்பெட்டியை ஒருமுறை கிளறிப் பார்க்கலாமா என்று சிறுவன் கேட்டான்.