பீன்யா மேம்பாலமும் பேங்க் லோனும்

மக்களே, பெங்களூரில் இருந்துகொண்டு ட்ராஃபிக்கைத் திட்டிப் பதிவு போடாத தமிழன் யாராவது உண்டா? நானும் நிறையப் போட்டிருக்கிறேன். இன்றைக்கு ஒரு மாறுதலுக்கு, ஒரு பாலத்தை மூடி வைத்ததைப் பாராட்டி எழுதப் போகிறேன். (டிஸ்கி: நான் படித்தது பி.காம். இன்ஜினியர்கள் பொறுத்தருள்க.)

பீன்யா தெரியாதவர்களுக்கு: நகரத்தின் வடமேற்கில், தும்கூர் ரோட்டில் இருக்கும் பெரிய தொழிற்பேட்டை. லேத் பட்டறை, பவுடர் கோட்டிங், கியர் கட்டிங், ரெடிமேட் துணி என்று ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன யூனிட்கள். நம்ம ஊர்க்காரர்களும் நிறைய. மும்பைக்கும் மங்களூருக்கும் போகும் லாரிகள் எல்லாம் இந்த வழிதான். அந்த நெரிசலுக்கு மருந்தாகத்தான் 2010-ல் மேம்பாலம் திறந்தார்கள். கொரகுண்டேபாளையாவில் ஏறினால் சுமார் 4 கிலோமீட்டர், நாகசந்திரா பக்கம் இறங்கலாம்.

2021 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் அன்றைக்குப் பாலத்தை மூடினார்கள். 102, 103-ஆம் தூண்கள் பக்கம் கேபிள்களில் பழுது என்றார்கள். ஒரு வாரத்தில் திறந்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கார், பைக் மட்டும் போகலாம் என்று விட்டதே 2022 பிப்ரவரி 16-ல். லாரி, பஸ் ஏற 2024 ஜூலை 29 ஆயிற்று. கணக்குப் பார்த்தால் இரண்டு வருடம் ஏழு மாதம்!

அந்தக் காலத்தில் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் கிளையில் கடன் வாங்கியிருக்கும் ஒருவர், கோயமுத்தூர் பக்கத்துக்காரர், இரண்டு சி.என்.சி. மெஷின் வைத்து ஜாப் வொர்க் செய்கிறவர். ஒருநாள் வந்து உட்கார்ந்தார். "ஏனுங்க சார், இருபது நிமிசத்துல போற சரக்கு இப்ப ஒன்றரை மணி நேரமாகுதுங்க. சரக்கு லேட்டு, பில்லு லேட்டு, பணம் லேட்டு. வட்டியை மட்டும் நீங்க லேட்டாவா புடிக்கப் போறீங்க?"

என்ன பதில் சொல்ல? ரிசர்வ் வங்கி விதியில் "பாலம் மூடல்" என்று ஒரு காலம் கிடையாதே. டீ வாங்கிக் கொடுத்தேன், வேறென்ன.

சரி, கேபிளில் பழுது என்றால் என்ன? எனக்கு ஒரு இன்ஜினியர் நண்பர் சொன்ன விளக்கம் இது. மேசை மேல் பத்து லெட்ஜர்களை வரிசையாக நிற்க வையுங்கள். இரண்டு பக்கமும் உள்ளங்கையால் இறுக்கி அழுத்தித் தூக்குங்கள். பத்தும் ஒரே பலகை மாதிரி எழுந்து வரும். அழுத்தம் குறைந்தால் நடுவில் இருப்பது நழுவும். இந்த மாதிரி மேம்பாலமும் அப்படித்தான். கான்கிரீட்டுக்குள் குழாய் விட்டு, அதில் எஃகுக் கேபிள்களைச் செருகி, இழுத்து முறுக்கிப் பூட்டுகிறார்கள். அந்த இழுவிசைதான் இரண்டு கை. பிறகு துரு பிடிக்காமல் இருக்கக் குழாய்க்குள் சிமெண்ட் கூழ் செலுத்துவார்கள். அது முழுசாக நிரம்பாமல் எங்கேயாவது இடைவெளி விழுந்து தண்ணீர் புகுந்தால், கம்பி உள்ளுக்குள்ளேயே அரிக்கும். வெளியே சுவர் பளபளவென்று இருக்கும்.

இங்கேதான் பயம். 1985-ல் வேல்ஸில் ஒரு சின்னப் பாலம் முன்னறிவிப்பே இல்லாமல் இப்படித்தான் விழுந்தது. அதன் பிறகு 1992-ல் பிரிட்டனில் இந்த வகைப் புதுப் பாலங்களையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். 2018 ஆகஸ்ட் 14-ல் இத்தாலியின் ஜெனோவாவில் மொராண்டி பாலம் இடிந்து 43 பேர் இறந்தார்கள். அது வேறு வகைப் பாலம், ஆனால் அதிலும் தாங்கும் கம்பிகள் கான்கிரீட்டுக்குள்தான் மறைந்திருந்தன.

பீன்யாவில் யாரும் சாகவில்லை. விழுவதற்கு முன்னால் பார்த்துவிட்டார்கள். இந்திய அறிவியல் கழகத்து நிபுணர்களைக் கேட்டார்கள். இரண்டு தூண்களுக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு என்ற கணக்கில், 120 கண்ணுக்கு 240 புதுக் கேபிள்கள் போட்டார்கள். 2024 ஜனவரியில் பாரம் ஏற்றிய லாரிகளைப் பாலத்தில் நிறுத்தி, எவ்வளவு தாழ்கிறது, பாரம் இறங்கியதும் பழைய நிலைக்கு வருகிறதா என்று சோதித்தார்கள். பிறகுதான் லாரிகளை விட்டார்கள். அப்போதும் வெள்ளிக்கிழமை மட்டும் கனரக வாகனங்களுக்குத் தடை. பழைய கேபிள்களை மாற்றும் வேலைக்காக அந்த ஒரு நாள்.

பேங்க்காரன் கண்ணுக்கு இது ரொம்பப் பழகிய விஷயம். கடன் கொடுப்பது ஒரு நாள் வேலை, போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அதைக் காப்பாற்றுவது பத்து வருட வேலை. தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன். ஆனால் அதுவரை நாங்கள் சும்மா இருப்பதில்லை. ஒரு நாள் தவறினாலே எஸ்.எம்.ஏ-0, முப்பது தாண்டினால் 1, அறுபது தாண்டினால் 2 என்று குறித்து, ஆளைக் கூப்பிட்டுப் பேசுகிறோம். மாதாமாதம் ஸ்டாக் கணக்கு, திடீர் இன்ஸ்பெக்‌ஷன் வேறு.

பாலத்துக்கு இந்த மாதிரி ஒரு பட்டியலைப் பொதுமக்கள் யாராவது பார்த்திருக்கிறோமா? கடைசியாக எப்போது சோதித்தார்கள், என்ன நிலை, அடுத்தது எப்போது என்று ஒரு போர்டு வைத்தால் போதும். லிப்ட்டுக்குள் ஒட்டுகிறார்களே, அது போல. பதினொரு வருடத்திலேயே இந்தப் பாலம் பழுதானது ஏன் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் பழுது தெரிந்ததும் மூடியதற்காகத் திட்டுவது, கடன் மோசமாகிறது என்று ரிப்போர்ட் எழுதிய ஆபீசரைத் திட்டுவது மாதிரி.

நான் ராமநாதபுரத்துக்காரன். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் உப்புக் காற்றில் நூறு வருடம் தாண்டியது சும்மா இல்லை. துருவைச் சுரண்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். 2022 டிசம்பரில் இனி தாங்காது என்று தெரிந்ததும் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது. அதற்கும் பெயிண்ட் டப்பா தேவைப்படும்.

எங்கள் கோயமுத்தூர்க்காரர் பிழைத்துக்கொண்டார். ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போனது, ஆனால் கணக்கு எஸ்.எம்.ஏ-1 தாண்டவில்லை. அவர் டெம்போ இப்போது பாலத்தின் மேல்தான் போகிறது. அதில் இருப்பது அவர் மச்சான்.

பி.கு.: அடுத்த முறை எந்தப் பாலத்திலாவது "சோதனை நடக்கிறது, மாற்று வழியில் செல்லவும்" என்று போர்டு பார்த்தால், ஹாரன் அடிக்காமல் திரும்புங்கள். தங்கமணியிடம் லேட்டுக்குக் காரணம் சொல்லவும் வசதி :-)